கைல் ஹைன்ஸ்: 1.98 மீட்டர் சென்டர், நான்கு யூரோலீக் கோப்பை, என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட இல்லை

எண்ட்லைன்:

ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கூடைப்பந்துத் தொடரான யூரோலீக் பற்றிப் பேச்சு வந்தாலே ஸ்பனூலிஸ், தியோடோசிச், டான்சிச் என்று பந்தைக் கையில் வைத்திருப்பவர்கள் பெயர்தான் வருகிறது. கைல் ஹைன்ஸுக்கென்று ஓர் இழை இருக்கட்டும். அமெரிக்க ஆட்டக்காரர் ஒருவர் வெளிநாட்டில் பதினாறு வருடம் எப்படித் தாக்குப்பிடித்தார் என்று படிக்க இவரைவிட நல்ல பாடம் கிடையாது.

பாதையை முதலில் போட்டுவிடுகிறேன். 1986 இல் பிறந்த நியூ ஜெர்சிக்காரர். 2004 முதல் 2008 வரை வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கிரீன்ஸ்பரோ வளாகம். கல்லூரி ஆட்டத்தில் 2,000 புள்ளி, 1,000 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 300 பிளாக் (ஷாட்டைத் தட்டித் தடுப்பது) மூன்றையும் தாண்டியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டிம் டங்கன், டேவிட் ராபின்சன், அலோன்சோ மோர்னிங் இருக்கும் பட்டியல் அது. ஹைன்ஸும் அதில் இருக்கிறார். அப்படியும் 2008 டிராஃப்டில் (என்பிஏ அணிகள் புதியவர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) வாசித்த 60 பெயர்களில் இவர் பெயர் இல்லை. கூடைக்குப் பக்கத்தில் நிற்கும் சென்டர் இடத்தில் ஆடுகிறவருக்கு 1.98 மீட்டர் போதாது என்பதுதான் கணக்கு.

2008–10: வெரோலி, இத்தாலியின் இரண்டாம் நிலை லீக்.
2010–11: ஜெர்மனியின் பாம்பெர்க். லீக், கோப்பை இரண்டும்.
2011–13: ஒலிம்பியாகோஸ். யூரோலீக் 2012, 2013.
2013–20: சிஎஸ்கேஏ மாஸ்கோ. யூரோலீக் 2016, 2019. ரஷ்யாவை மையமாகக் கொண்ட விடிபி லீக் 2014 முதல் 2019 வரை தொடர்ந்து ஆறு.
2020–24: ஒலிம்பியா மிலானோ. இத்தாலிய லீக் 2022, 2023, 2024.

யூரோலீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது 2016, 2018, 2022 ஆண்டுகளில். 2012 தொடங்கி 2019 வரை ஒரு வருடம்கூட விடாமல் எட்டு ஃபைனல் ஃபோர் (கடைசி நான்கு அணிகள் ஆடும் முடிவுச் சுற்று). 2021 இல் மிலானோவோடு ஒன்பதாவது.

உயரம் இல்லாத சென்டர் ஐரோப்பாவில் ஏன் வேலை செய்தார் என்பது என் கேள்வி. "மன உறுதி" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட வேண்டாம். ஆட்டத்துக்குள் காரணம் இருக்கிறது.


புதுவரவு07:

என்பிஏவுக்குப் போக முடியாதவர்கள்தானே ஐரோப்பா போகிறார்கள்? நான்கு கோப்பை என்றாலும் அது இரண்டாம் தரம்தானே? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன், தப்பாக எடுக்க வேண்டாம்.


ஸ்க்ரீன்செட்டர்:

புதுவரவு, உங்கள் கேள்வியில் பாதி சரி. அமெரிக்கர்களில் பெரும்பாலோர் அங்கே இடம் கிடைக்காமல்தான் கிளம்புகிறார்கள். மற்ற பாதியில்தான் தவறு. ஐரோப்பாவில் நடப்பது அதே ஆட்டத்தின் குறைந்த பதிப்பு அல்ல. விதி வேறு, நேரம் வேறு, அதனால் ஆளின் மதிப்பும் வேறு. எண்ட்லைன் கேட்டதற்கும் இதுதான் பதில்.

என்பிஏவில் தடுப்பு மூன்று வினாடி விதி உண்டு. யாரையும் நெருக்கிக் காக்காமல் பெயின்டுக்குள் (கூடைக்கு முன்னால் நிறமிட்ட கட்டம்) மூன்று வினாடிக்கு மேல் ஒருவர் நின்றால் டெக்னிகல் ஃபவுல். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் அது இல்லை. யூரோலீக்கிலும் இல்லை. உதவிக்கு வருகிறவர் கூடைக்கு அடியிலேயே காத்து நிற்கலாம்.

இது ஹைன்ஸுக்கு எப்படிக் கைகொடுக்கிறது? 2.13 மீட்டர் ஆள் ஒருவன் அவரைப் போஸ்ட்டில், அதாவது கூடைக்கு அருகில், முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்கிறான் என்று வையுங்கள். ஹைன்ஸ் அவனுக்குப் பின்னால் நின்றால் தலைக்கு மேலே ஷாட் போய்விடும். அதனால் முன்னால் வந்து நிற்பார், அல்லது பாதி முன்னால் வந்து ஒரு கையைப் பந்து வரும் வழியில் நீட்டி வைப்பார். அப்போது பந்து மேலே வளைந்துதான் வர வேண்டும். அந்த வளைந்த பாஸைப் பிடிக்க எதிர்ப்பக்கக் கூட்டாளி ஏற்கெனவே பெயின்டில் நிற்கிறார், ஏனென்றால் நிற்கத் தடை இல்லை. என்பிஏவில் அதே கூட்டாளி மூன்று வினாடிக்கு ஒருமுறை வெளியே கால் வைத்துத் திரும்ப வேண்டும். அந்த ஒரு கணத்தில் பாஸ் விழுந்துவிடும்.

இரண்டாவது விதி கூடைக்கு மேலே. என்பிஏவில் வளையத்துக்கு நேர் மேலே பந்து இருக்கும்போது தொடக் கூடாது. ஃபிபாவில் ஷாட் வளையத்தில் பட்டுவிட்டால் போதும், யாரும் தட்டலாம். துள்ளி எழும்பக்கூடிய ஆளுக்கு இது தங்கம். வளையத்தில் ஆடிக்கொண்டிருக்கும் பந்தைத் தட்டி வெளியேற்றுவதும், தன் பக்கம் என்றால் உள்ளே தட்டிவிடுவதும் ஹைன்ஸ் வருடக்கணக்காகச் செய்த வேலை. புதிதாக வரும் அமெரிக்க சென்டர்கள் முதல் இரண்டு மாதம் கையைத் தூக்காமல் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், பழக்கதோஷம்.

மூன்றாவது, ஃபவுல். என்பிஏவில் 48 நிமிடத்துக்கு ஆறு, ஐரோப்பாவில் 40 நிமிடத்துக்கு ஐந்து. நிமிடக் கணக்கில் விகிதம் ஒன்றுதான். ஆனால் முதல் கால்பகுதியில் இரண்டு வாங்கிய ஆளைப் பயிற்சியாளர் உடனே பெஞ்சில் உட்கார வைப்பார். கையால் தட்டித் தடுக்கிற சென்டருக்கு ஐரோப்பாவில் நிமிடம் கிடைக்காது. காலால் நகர்ந்து தடுக்கிறவருக்குக் கிடைக்கும்.


ஆறாம்ஆள்:

ஸ்க்ரீன்செட்டர் சொன்னது போஸ்ட் டிஃபன்ஸ். ஹைன்ஸோட அசல் சரக்கு சுவிட்ச்தாங்க. அதப் பத்தி எழுதாம விட்டா இந்த இழை முழுமையாகாது.

பிக் அண்ட் ரோல் வருது, அதாவது பந்தாளிக்கு வழி கெடைக்க சென்டர் அவனோட காவலன மறிச்சு நின்னுட்டு (ஸ்க்ரீன்), அப்புறம் கூடைக்கு ஓடறது (ரோல்). எதிரணி சென்டர் நம்ம கார்டுக்கு (வெளிய நின்னு ஆடற சின்ன ஆள்) ஸ்க்ரீன் வைக்கிறான். பெரும்பாலான உயரமான சென்டர்கள் பின்வாங்கி பெயின்ட்ல நிப்பாங்க, அல்லது ரெண்டு அடி வெளிய வந்து பந்தாளியத் தள்ளிட்டு ஓடித் திரும்புவாங்க. முதல் வகையில மிட்ரேஞ்ச் ஷாட் திறந்து கெடக்கும். ரெண்டாவதுல ரோல் பண்றவன் ஒரு நொடி தனியா ஓடுவான். ஹைன்ஸ் ரெண்டும் செய்யாம நேரா மாறிக்குவார். கார்ட அவர் எடுத்துப்பார், நம்ம கார்டு அவனோட சென்டர எடுத்துப்பான்.

எப்படின்னா:

ஸ்க்ரீன் வர்றப்பவே சத்தமா சொல்லணும். ஸ்க்ரீன் பட்ட பிறகு சொன்னா லேட்டு. ரெண்டு பேரும் பந்தாளிகிட்ட போய்டுவாங்க, சென்டர் தனியா கூடைக்கு ஓடுவான். சுவிட்ச் கெட்டுப் போறதுக்கு முதல் காரணம் இதுதான்.

அடுத்து, மாறினதும் ஒரு கை நீளத்துல நெருங்கணும். தள்ளி நின்னா அவன் அப்படியே மூணு புள்ளி போடுவான். ரொம்ப ஒட்டினா ஒரே டிரிபிள்ல (பந்தத் தரையில தட்டி ஓடறது) தாண்டிடுவான். ஹைன்ஸ் இடுப்பத் தாழ்த்தி, மார்ப நேரா வச்சு, பந்தாளியோட பலமான கை பக்கத்த அடைச்சு நிப்பார். நீளமான கை இருக்கறதால அரை அடி பின்னாடி நின்னாலும் ஷாட்டுக்குக் கை போய்டும்.

அந்தப் பக்கம் நம்ம சின்ன கார்டு 2.10 ஆள்கூட மாட்டிக்கிட்டு இருக்கான். அங்க பின்னாடி இருக்கற நம்ம ஃபார்வர்டு ஓடி வந்து கார்ட வெளிய தள்ளிட்டு இடம் மாத்திக்கணும். பந்து அங்க போறதுக்கு முன்னாடியே இது நடக்கணும். கோச்சுங்க இத ஸ்க்ரேம் சுவிட்ச்னு சொல்வாங்க. ஹைன்ஸ் மட்டும் நல்லா இருந்தா பத்தாது, இந்த மூணாவது ஆளும் தூங்காம இருக்கணும். சிஎஸ்கேஏ அதுக்குன்னே நீளமான ஃபார்வர்டுங்கள வச்சிருந்தாங்க.

24 வினாடி கடிகாரத்துல முதல் 14 வினாடி இப்படி வீணாச்சுன்னா, மீதி பத்து வினாடியில ஒரு கார்டு ஹைன்ஸ எதிர்த்துத் தனியா ஆடணும். ஐரோப்பாவுல பல அணிகளுக்கு அது தோத்துப் போற பந்தயம்.


பலகைத்தட்டு:

அருமை, ஆறாம்ஆள். ஒன்று சேர்க்கிறேன்: தாக்குதலில் அவர் என்ன செய்தார் என்பது. மூன்று புள்ளி அவரிடம் இல்லவே இல்லை, போஸ்ட்டில் நான்கைந்து அசைவு காட்டுகிறவரும் அல்ல. அப்புறம் எப்படி நான்கு பெரிய அணியில் இடம்?

ஸ்க்ரீன் வைத்துவிட்டுக் கூடை வரைக்கும் ஓடாமல் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் பக்கத்தில் நின்று பந்து வாங்குவதை ஷார்ட் ரோல் என்பார்கள். ஸ்பனூலிஸ் மாதிரி ஆளை இருவர் மறிக்கும்போது பந்து அங்கேதான் வரும். பிடித்ததும் நான்குக்கு மூன்று. மேலே வந்து மறிப்பவன் வந்தால் கூடைக்கடியில் லாப் (உயரத் தூக்கிப் போடும் பாஸ்), வராவிட்டால் ஒரு டிரிபிள் போட்டு முடிப்பது, மூலையிலிருப்பவனின் காவலன் உள்ளே இறங்கினால் மூலைக்கு. இந்த முடிவு ஒரு நொடிக்குள். உயரமான சென்டர்கள் பலர் இங்கே பந்தைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு யோசிப்பார்கள், அதற்குள் எல்லோரும் திரும்பி வந்துவிடுவார்கள். கல்லூரியில் நான்கு வருடம் அணியின் முதன்மை ஆளாக இருந்தவர் என்பதால் ஹைன்ஸுக்குப் பாஸ் பார்க்கும் கண் உண்டு.

பிறகு தாக்குதல் ரீபவுண்ட். அதில் உயரத்தைவிட, பந்து எங்கே விழும் என்று முன்கூட்டி இடம் பிடிப்பதுதான் வேலை. தாழ்ந்த இடுப்பு அங்கே வரம்.


எண்ட்லைன்:

2012 இஸ்தான்புல் இறுதி ஆட்டம் இதற்குச் சாட்சி. எதிரே சிஎஸ்கேஏ: கிரிலென்கோ, க்ர்ஸ்டிச், தியோடோசிச். மூன்றாவது கால்பகுதியில் 53–34. பத்தொன்பது புள்ளி பின்தங்கிய ஒலிம்பியாகோஸ் 62–61 என்று வென்றது. கடைசியில் 9.7 வினாடி இருக்கும்போது சிஸ்கவுஸ்கஸ் இரண்டு ஃப்ரீ த்ரோவையும் தவறவிட்டார். ஸ்பனூலிஸ் தந்த பாஸில் பிரின்டெசிஸ் 0.7 வினாடி மிச்சமிருக்க மிதக்கவிட்டார். எல்லோரும் அந்த ஷாட்டைப் பேசுகிறார்கள். அதற்கு முந்தைய பன்னிரண்டு நிமிடத்தில் சிஎஸ்கேஏ 8 புள்ளிதான் எடுத்தது. ஆட்டம் அங்கேதான் திரும்பியது.

அடுத்த வருடம் லண்டனில் அரையிறுதியில் அதே சிஎஸ்கேஏவை 69–52, இறுதியில் ரியல் மாட்ரிடை 100–88. தோற்ற சிஎஸ்கேஏதான் அந்தக் கோடையில் ஹைன்ஸை வாங்கிக்கொண்டது.


புதுவரவு07:

இவ்வளவு நல்ல ஆள் என்றால் 2013க்குப் பிறகாவது என்பிஏ கூப்பிட்டிருக்க வேண்டாமா? பி.ஜே. டக்கர் போனாரே. அவரும் கிட்டத்தட்ட அதே உயரம்.


பலகைத்தட்டு:

நல்ல ஒப்பீடு. டக்கர் 2006 டிராஃப்டில் 35 ஆவதாக டொராண்டோவால் எடுக்கப்பட்டார், அங்கே நிலைக்கவில்லை. இஸ்ரேலில் ஹப்போயல் ஹோலோனோடு 2008 லீக் பட்டம், பிறகு வேறு வேறு நாடுகள். 2011–12 இல் எந்த அணி தெரியுமா? பாம்பெர்க். ஹைன்ஸ் கிளம்பிய உடனே, அதே அணி. அங்கிருந்து 2012 இல் ஃபீனிக்ஸ், 2021 இல் மில்வாக்கியோடு என்பிஏ பட்டம்.

இரண்டு பேரும் தடுப்பாட்டத்தில் எந்த அளவுள்ள ஆளையும் காக்கிறவர்கள். வித்தியாசம் மூலையில் இருக்கிறது. டக்கர் தன்னை ஃபார்வர்டாக மாற்றிக்கொண்டு மூலையில் நின்று மூன்று புள்ளி போடக் கற்றார். என்பிஏவில் மூலைக் கோடு கூடையிலிருந்து 6.71 மீட்டர், மேல் வளைவு 7.24. அந்த மூலை ஷாட் அவருக்குப் பத்து வருடச் சோறு போட்டது. ஹைன்ஸ் ஷாட்டைச் சேர்க்கவில்லை, சென்டராகவே இருந்தார். 2013 இல் மூன்று புள்ளி இல்லாத 1.98 சென்டருக்கு என்பிஏவில் 15 பேர் பட்டியலின் கடைசி இடம், அதுவும் குறைந்தபட்சச் சம்பளம்தான் பேசுவார்கள். மாஸ்கோவில் அணியின் முக்கிய ஆள் என்ற இடம், யூரோலீக் பட்டத்துக்குப் போட்டி, அதைவிட நல்ல நிகரச் சம்பளம். இதில் எதை இரண்டாம் தரம் என்பது?

சிறிய சென்டரை வைத்து எல்லாவற்றையும் மாறிக்கொள்ளும் பாணியை கோல்டன் ஸ்டேட் 2015 இல் டிரேமண்ட் கிரீனை வைத்துப் பரப்பியது. ஒலிம்பியாகோஸில் ஹைன்ஸ் அதற்கு மூன்று வருடம் முன்பே இருந்தார் என்பது என் தரப்பு.


ஸ்க்ரீன்செட்டர்:

கிரீனோடு ஒப்பிடுவதை அளவோடு ஏற்கிறேன். கிரீன் பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தையே நடத்துகிறவர். ஹைன்ஸ் அந்த அளவுக்கு இல்லை. தடுப்பில் ஒப்பிடலாம்.


புதுவரவு07:

சரி, ஒப்புக்கொள்கிறேன். இன்னொரு கேள்வி. 2008 இல் அமெரிக்காவிலேயே டி-லீக் (என்பிஏவின் வளர்ப்பு லீக்) இருந்ததே, அதை விட்டு இத்தாலியின் இரண்டாம் நிலைக்கு ஏன்? ஒப்பந்தம், வரி எல்லாம் எப்படி?


வரவுசெலவு:

நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் விவரம் தெரியாமல் கையெழுத்துப் போட்டுப் பணம் இழக்கும் ஆட்டக்காரர்கள் ஏராளம்.

டி-லீக் சம்பளம் அந்தக் காலத்தில் ஒரு சீசனுக்குச் சுமார் 12,000 முதல் 25,000 டாலர். என்பிஏ அணிக்கும் வளர்ப்பு லீக்குக்கும் மாறி மாறி ஆட விடும் டூ-வே ஒப்பந்தம் என்பதே 2017 இல்தான் வந்தது. இத்தாலியின் இரண்டாம் நிலையில் ஓர் அணிக்கு இரண்டு அமெரிக்கர்தான் என்ற நிலை. அதாவது அணியின் பாதிப் புள்ளி உங்கள் தலையில், பந்து உங்கள் கையில். வீடும் காரும் கிளப் செலவு. வளர வேண்டிய ஆளுக்கு இது பெஞ்சில் உட்காருவதைவிட மேல். ஹைன்ஸ் அங்கே இரண்டு வருடம் ஆடியபிறகுதான் பாம்பெர்க், அங்கிருந்து ஒலிம்பியாகோஸ். படி தாண்டாத ஏற்றம்.

ஒப்பந்தத்தில் வழக்கமாக இருப்பவை:

சம்பளம் நிகரத் தொகையாக எழுதப்படும். உள்ளூர் வருமான வரியைக் கிளப் கட்டும். செப்டம்பர் தொடங்கி மாதாமாதம், பொதுவாகப் பத்துத் தவணை. வந்திறங்கிய இரண்டு மூன்று நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை. அதில் தேறினால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். இங்கே ஒரு கண்ணி: "பரிசோதனை இத்தனை மணி நேரத்துக்குள் நடக்காவிட்டால் தேறியதாகக் கொள்ளப்படும்" என்ற வரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிளப் இரண்டு வாரம் பயிற்சியில் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை என்றால் முழங்காலைக் காரணம் காட்டி அனுப்பிவிடலாம்.

ஏஜென்ட் கட்டணம் ஐரோப்பாவில் 10 விழுக்காடு வரை. அதைப் பெரும்பாலும் கிளப் தனியாகத் தருகிறது. என்பிஏவில் உச்சவரம்பு 4, அது ஆட்டக்காரர் பணத்திலிருந்து போகும். ஐரோப்பாவில் ஏஜென்ட் ஃபிபா உரிமம் உள்ளவரா என்று பார்க்க வேண்டும்.

என்பிஏ விலகல் ஷரத்து: ஜூலை நடுவில் ஒரு தேதி வரை, இத்தனை தொகை கட்டினால் ஒப்பந்தத்திலிருந்து வெளியேறலாம் என்று இருக்கும். தேதி ஒரு நாள் தாண்டினாலும் கதவு அடுத்த கோடை வரை சாத்தியாச்சு.

ஃபிபா அனுமதிக் கடிதம்: கடைசியாக ஆடிய நாட்டின் சம்மேளனம் தர வேண்டும். அது இல்லாமல் புதிய நாட்டில் பதிவு செய்ய முடியாது. பழைய கிளப்போடு ஒப்பந்தம் இன்னும் உயிரோடு இருந்தால் இங்கேதான் சிக்கும். அதனால் இடையில் பிரிகிறவர்கள் இருதரப்புக் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரத்தைக் கையில் வாங்காமல் விமானம் ஏறக் கூடாது.


ஆறாம்ஆள்:

சம்பளம் வராம போனா? கிரீஸ், துருக்கியப் பத்தியெல்லாம் நெறைய கேள்விப்படறோமே.


வரவுசெலவு:

அதற்குத்தான் பிஏடி, கூடைப்பந்து நடுவர் மன்றம். 2007 இல் ஃபிபா உண்டாக்கியது, 2011 இல் இந்தப் பெயர் வந்தது. இருக்கை ஜெனீவா. ஒப்பந்தத்திலேயே "தகராறு வந்தால் பிஏடி" என்ற பத்தி இருந்தால்தான் அங்கே போக முடியும், அதுவே முதல் கவனம். ஒரே நடுவர், ஆங்கிலத்தில், பெரும்பாலும் எழுத்து மூலமே. எந்த நாட்டுச் சட்டம் என்று இழுத்தடிக்காமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு. கிளப் தீர்ப்பை மதிக்கவில்லை என்றால் புதிய வெளிநாட்டு ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். கிளப்புகள் பயப்படுவது அந்தத் தடைக்குத்தான்.

ஆட்டக்காரர்கள் வழக்கைக் கெடுத்துக்கொள்ளும் விதம் எப்போதும் ஒன்றுதான்: இரண்டு மாதம் சம்பளம் வரவில்லை, கோபத்தில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது. அப்போது ஒப்பந்தத்தை முறித்தது ஆட்டக்காரர் என்று கிளப் எழுதும். சரியான வரிசை இது. தவணை தாமதமானால் ஒப்பந்தம் சொல்லும் நாள் கணக்கு (15 நாள், 30 நாள் என்று இருக்கும்) முடியும் வரை காத்திருக்க வேண்டும். அதன்பின் எழுத்தில் நோட்டீஸ், கட்ட ஒரு கெடு. கெடு வரை பயிற்சிக்கும் ஆட்டத்துக்கும் தவறாமல் போக வேண்டும், ஒப்பந்தம் ஆடாமலிருக்க உரிமை தந்திருந்தால் தவிர. கெடு தாண்டினால் எழுத்தில் முறிவுக் கடிதம். அதன்பிறகு விமானம். வாட்ஸ்அப்பில் மேலாளர் "அடுத்த வாரம் வந்துவிடும்" என்று எழுதியதையும் அழிக்காமல் வைக்க வேண்டும், கடன் ஒப்புதலுக்கு அது சாட்சி.

இப்போது வரி. அமெரிக்கக் குடிமகன் உலகில் எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டும். வெளிநாட்டு உழைப்பு வருமானத்துக்கு ஒரு விலக்கு உண்டு, படிவம் 2555. 2024 ஆம் ஆண்டுக்கு 1,26,500 டாலர், 2025 க்கு 1,30,000. இதில் கூடைப்பந்தாட்டக்காரருக்கென்றே ஓர் இடறல். தொடர்ந்த 12 மாதத்தில் 330 முழு நாள் வெளிநாட்டில் இருக்க வேண்டும் என்பது ஒரு வழி. சீசன் ஆகஸ்ட் முதல் ஜூன் வரை. கோடையில் இரண்டு மாதம் ஊரில் இருந்தால் 330 கிடைக்காது. அப்போது அந்த நாட்டில் உண்மையான குடியிருப்பு நிறுவியதாகக் காட்டும் இன்னொரு வழி, அல்லது படிவம் 1116 மூலம் அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது.

கழித்துக்கொள்ளச் சான்று வேண்டும். நிகரச் சம்பளம் என்றால் கிளப் உங்கள் பேரில் கட்டிய வரியும் அமெரிக்கக் கணக்கில் உங்கள் வருமானம்தான். அதைக் கூட்டிக் காட்டி, பிறகு கழிக்க வேண்டும். கிளப்பின் வரிச் சான்றிதழ் இல்லாவிட்டால் கூட்டல் மட்டும் நிற்கும், கழித்தல் நிற்காது. அதனால் "ஒவ்வொரு வருடமும் இந்தத் தேதிக்குள் வரிச் சான்றிதழ் தர வேண்டும்" என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது. சம்பளத்தின் ஒரு பங்கை உருவ உரிமைத் தொகை என்று பிரித்துத் தரும் கிளப்புகளில் இது இன்னும் முக்கியம். சான்றிதழ் ஒரு பங்குக்கு மட்டும் வந்து சேரும்.

வெளிநாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை வருடத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தனி அறிக்கை. முதல் தவணையிலேயே பலர் தாண்டிவிடுவார்கள். இது வரிப் படிவத்தோடு போவதில்லை, தனியாக இணையத்தில் தாக்கல் செய்ய வேண்டும், மறந்தால் அபராதம் கடுமை. மாநில வரி வேறு. கலிஃபோர்னியாவும் ஹைன்ஸின் சொந்த மாநிலமான நியூ ஜெர்சியும் மேலே சொன்ன விலக்கை ஏற்பதில்லை.


எண்ட்லைன்:

வரவுசெலவு, இதைத் தனியே பொருத்தி வைக்கலாம். மிக்க நன்றி.

வெளிநாட்டவர் எண்ணிக்கை வரம்பைப் பற்றி யாரும் எழுதவில்லையே. யூரோலீக்கில் வரம்பு இல்லை. உள்நாட்டு லீகில் உண்டு. ஹைன்ஸ் ஆடிய காலத்தில் இத்தாலியில் ஓர் ஆட்டத்துக்கு ஆறு வெளிநாட்டவரும் ஆறு இத்தாலியரும், அல்லது ஐந்துக்கு ஐந்து. ஜெர்மனியில் 12 பேரில் 6 பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டியிருந்தது. மிலானோ மாதிரி கிளப் யூரோலீக்குக்காக எட்டு ஒன்பது வெளிநாட்டவரை வைத்துக்கொண்டு, ஞாயிறு லீக் ஆட்டத்துக்கு ஆறு பேரை எடுத்து மற்றவர்களைப் பார்வையாளர் இருக்கையில் அமர்த்தும். புதிதாக வரும் இளைஞர் இதை அவமானமாக எடுத்துக்கொள்வார். 35 வயது ஹைன்ஸுக்கு அது ஓய்வு. 2022 இல் மூன்றாவது தடுப்பாட்ட விருது வாங்கும்போது அவருக்கு அந்த வயதுதான்.

ஆட்ட எண்ணிக்கையையும் பாருங்கள். 2019 முதல் 2025 வரை யூரோலீக்கில் 18 அணி, 34 சுற்று. இத்தாலிய லீக் 30 சுற்று. பிளேஆஃப், கோப்பை சேர்த்தால் எழுபதைத் தாண்டும். சில வாரம் செவ்வாய், வியாழன் யூரோலீக், ஞாயிறு லீக். நடுவில் பயணம்.


ஆறாம்ஆள்:

பயிற்சியாளர் விஷயமும் ஒண்ணு. 2013ல மாஸ்கோல ஹைன்ஸுக்கு முதல் கோச் மெஸ்ஸினா. 2020ல மிலானோவுக்குப் போனா அங்கயும் மெஸ்ஸினா. நடுவுல இட்டுடிஸ் கூட ஆறு வருஷம், அதுல ரெண்டு கோப்பை. ஒரு கோச்சோட தடுப்பு முறைய மனப்பாடமா தெரிஞ்ச ஆள் 34 வயசுலயும் வேலை இல்லாம இருக்க மாட்டார். ஏன்னா மத்த நாலு பேருக்கும் களத்துல நின்னு சொல்லித் தர்றது அவர்தான்.


ஸ்க்ரீன்செட்டர்:

கோப்பைகளுக்கு நடுவே விழுந்த அடிகளையும் சொல்ல வேண்டும். 2014 இல் மக்காபியிடம் அரையிறுதியில் 68–67. 2015 இல் பழைய ஒலிம்பியாகோஸிடமே 70–68. 2017 இல் மறுபடி ஒலிம்பியாகோஸ், 82–78. 2018 இல் ரியல் மாட்ரிடிடம் 92–83. எட்டு வருடத்தில் எட்டு ஃபைனல் ஃபோர் என்றால் நான்கு வெற்றி, நான்கு அரையிறுதித் தோல்வி. வருடம் முழுக்க ஜெயித்துவிட்டு ஒரே வெள்ளிக்கிழமை இரவில் போய்விடும். ஏழு ஆட்டத் தொடர் அங்கே கிடையாது. 2021 இல் மிலானோவுக்கும் அதுவே. கொலோனில் பார்சிலோனாவிடம் 84–82, ஹிக்கின்ஸ் கடைசி நொடியில் போட்டது. 2016 பெர்லினில் ஃபெனர்பாசேவைக் கூடுதல் நேரத்தில் 101–96, 2019 விட்டோரியாவில் எஃபெஸை 91–83. இவையும் எளிதாக வந்தவை அல்ல.


புதுவரவு07:

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. கல்லூரி முடித்து இந்தக் கோடையில் ஐரோப்பா போகிற ஓர் அமெரிக்க சென்டர், விதிகளில் எதை முதலில் பழக வேண்டும்?


பலகைத்தட்டு:

டிராவலிங், அதாவது பந்தைத் தரையில் தட்டாமல் அடி வைப்பது. 2017 அக்டோபரில் ஃபிபா கேதர் அடியை (பந்தைச் சேர்த்துப் பிடிக்கும்போது வைக்கும், கணக்கில் வராத அடி) அனுமதித்ததால் ஓட்டத்தில் பந்தைப் பிடிப்பவருக்குச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. நின்ற இடத்திலிருந்து கிளம்புவதில் இன்னும் கண்டிப்பு. பிவட் கால் (ஊன்றி நிற்கும் கால்) தரையை விட்டு எழும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்க வேண்டும். ஷார்ட் ரோலில் நின்று வாங்கி டிரிபிள் போடும் சென்டர்கள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள். ஹேண்ட்ஆஃப் (பந்தைக் கைக்குக் கை தருவது) கொடுத்தபின் ஸ்க்ரீனாகத் திரும்பும்போது இடுப்பை நகர்த்துவதற்கும் நடுவர் ஊதுவார்.

டைம்அவுட் ஆட்டக்காரர் கேட்க முடியாது, பயிற்சியாளர்தான். முதல் பாதியில் 2, இரண்டாம் பாதியில் 3, அதில் கடைசி இரண்டு நிமிடத்துக்கு அதிகபட்சம் 2. எல்லைக்கோட்டில் மாட்டிக்கொண்டு கையால் சைகை காட்டினால் யாரும் விசில் ஊத மாட்டார்கள், பந்து போய்விடும்.


ஸ்க்ரீன்செட்டர்:

அதோடு, வளையத்தில் பட்ட பந்தைத் தட்டுவது. முதல் நாள் பயிற்சியிலேயே தொடங்கலாம். ஒருவர் வேண்டுமென்றே வளையத்தில் படுகிற மாதிரி ஷாட் போட, நீங்கள் குதித்துத் தட்ட வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது. மூன்று வாரத்தில் கை தானாகப் போகும். வளையத்தையோ பலகையையோ அசைத்துவிடக் கூடாது, அது விதிமீறல்.


எண்ட்லைன்:

ஹைன்ஸ் 2024 இல் ஓய்வு பெற்று ப்ரூக்ளின் நெட்ஸில் பணிக்குச் சேர்ந்தார். அவருடைய தடுப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் 2019 விட்டோரியா அரையிறுதியிலிருந்து தொடங்குங்கள், சிஎஸ்கேஏ 95, ரியல் மாட்ரிட் 90. பந்தைப் பார்க்காமல் ஹைன்ஸை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். ஸ்க்ரீன் வருவதற்கு முன்பே அவர் வாய் அசையும்.